ஆத்தா எடுத்துக்கிட்ட எரிச்சல்

தம்பி. ஏ தம்பி. இங்கிட்டுப் பாருங்க, ஜன்னல்ல. வீடு பாக்கவா வந்தீக? எதுத்த வீடுதான், சரியாத்தான் வந்திருக்கீக. ஆனா இன்னைக்குன்னு பாத்து வந்தீகளே! பங்குனிப் பொங்கலு, ஊரே கோயில்ல கெடக்கு. வீட்டுக்காரரு அன்னதானப் பந்தியில கரண்டியப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு. போன் போட்டாலும் மேளச் சத்தத்துல அவருக்குக் கேக்காது. வரும்போது வரட்டும். நீங்க அப்படிச் செவத்தோரம் நிழல்ல நில்லுங்க. மாடிப்படி ஏறி வந்ததுக்கே மூச்சு வாங்குது பாருங்க உங்களுக்கு.

தண்ணி தரலாம்னா கதவு பூட்டிக் கெடக்கு. பூட்டப் பாத்தீகளா? இம்புட்டுக்காண்டு வீட்டுக்கு எம்புட்டுப் பெரிய பூட்டு! உள்ள நகை நட்டு இருக்குன்னு நெனைச்சுக்கிறாதீக. உள்ள இருக்கது நான் ஒருத்திதான். என்னய வெச்சுத்தான் பூட்டிட்டுப் போயிருக்கா எம் மருமக.

சிரிக்காதீக தம்பி. நெசமாத்தான் சொல்றேன். சாவி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். உங்க தலைக்கு மேல கரண்டுப் பெட்டி இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி ஆணியில தொங்குது. ஆத்திர அவசரத்துக்குன்னு மாட்டிட்டுப் போனா. மாட்டுன சத்தம் என் காதுல விழுந்துச்சு. இப்ப அவசரந்தான். எடுத்துத் தொறந்து விடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

என்ன யோசிக்கீக? அடுத்த வீட்டு வெவகாரம்னா? அதுவும் சரிதான். குடிவரப் போற வீட்டுல மொத நாளே வம்பு எதுக்குன்னு நெனைக்கீக. அப்ப ஒண்ணு செய்ங்க. ஞாயத்தக் கேளுங்க. கேட்டுட்டு, யாரு பக்கம் தப்புன்னு நீங்களே சொல்லுங்க. மேளம் இப்பத்தான் கோயில்ல இருந்து கெளம்பியிருக்கு, ஊரச் சுத்தி இந்தத் தெருவுக்கு வர நேரமாகும். அதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன்.

எம் பேரு வெயிலாச்சி. பருப்பு மில்லு வெயிலாச்சின்னா இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து மில்லுல துவரம்பருப்புப் பொடைச்சவ நான். நின்ன கால்லயே நின்னு பொடைப்பேன். உக்காந்து பொடைக்கிறவளுகளும் உண்டு, நான் உக்கார மாட்டேன். எனக்கு உக்காந்து பழக்கமே இல்ல தம்பி. அப்பேர்ப்பட்டவளப் பிடிச்சு, உக்காரு, படு, கால நீட்டுன்னா எப்படி இருக்கும்? வேலை செஞ்ச ஒடம்பு இது. வெச்சு அழகு பாக்கிற ஒடம்பு இல்ல.

எங்க வீட்டுக்காரரு போய்ச் சேந்தப்புறம் சுகரு வந்துச்சு. வரட்டும், ஊருல யாருக்கு இல்ல? மாத்திரைய நெனைச்சா போடுவேன், நெனைக்காட்டி இல்ல. அதுக்கப்புறம் வந்துச்சு தம்பி எரிச்சலு. உள்ளங்கால்ல. மிளகாய அரைச்சு அப்பின மாதிரி. பகல்ல வேலையில தெரியாது, தலையச் சாய்க்கட்டும்னு காத்துக்கிட்டு இருக்கும். ஈரத்துணியச் சுத்துனா துணி காஞ்சு போகும். வாளித் தண்ணிக்குள்ள கால விட்டுக்கிட்டு, செவத்துல சாஞ்சு உக்காந்தே தூங்குவேன். டாக்டரு மாத்திரை குடுத்தாக. எனக்குத்தான் தூக்கம் வந்துச்சு, எரிச்சலு தூங்கல.

பொறுத்துப் பொறுத்துப் பாத்து, ஒரு வெள்ளிக்கெழமை ஆத்தா சந்நிதியில போயி விழுந்துட்டேன். தாயே, இந்த எரிச்சல நீ எடுத்துக்க. வருசா வருசம் உனக்குப் பால்குடம் எடுக்கேன், வெறுங்காலோட நடந்து வாரேன், எங் காலு இருக்கிற வரைக்கும் நிறுத்த மாட்டேன்னு வாய்விட்டுச் சொன்னேன். அழுதுக்கிட்டேதான் சொன்னேன். அவ்வளவுதான். அடுத்த பங்குனிப் பொங்கலுக்குள்ள எரிச்சலு போயே போச்சு! ஒரேயடியாப் போகல. அடுப்பு அணையிற மாதிரி கொஞ்சங் கொஞ்சமா அணைஞ்சு, ஒரு நாள் பாத்தா ஒண்ணுமே இல்ல. மருந்துக்குக் கேக்காதது ஆத்தாவுக்குக் கேட்டுச்சா இல்லையா? நீங்களே சொல்லுங்க.

மொத வருசம் பால்குடம் எடுத்தப்ப நடந்ததச் சொன்னா நம்ப மாட்டீக. உச்சி வெயிலு, தார் ரோடு. லாரியில முன்னாடி தண்ணி ஊத்திக்கிட்டே போவாக, ஊத்துன தண்ணி அங்கனயே ஆவியாப் போகும். பொம்பளைக எல்லாம் சூடு தாங்காமத் தவ்வுறாக. தலையில குடம், கீழ தவ்வல். டெய்லரு பொண்டாட்டி சந்திரான்னு ஒருத்தி இருக்கா, அவ பால்ல பாதி ரோட்டுக்குத்தான் அபிசேகம். நானு? ஒரு சொட்டுச் சிந்தல. புல்லு மேல நடக்கிற மாதிரி நடந்து போறேன். பாத்தவுக எல்லாம் அசந்துட்டாக. வெயிலாச்சி மேல ஆத்தா எறங்கிட்டான்னு குலவை போட்டாக. மஞ்சத்தண்ணியக் கொண்டாந்து எங் கால்ல ஊத்தி, விழுந்து கும்பிட்டாக. மில்லு முதலாளி சம்சாரம் காருல இருந்து எறங்கி வந்து, பட்டுச் சேலையோட நடு ரோட்டுல எங் கால்ல விழுந்துச்சு தம்பி! அதுவரைக்கும் அந்தம்மா எம் பேரு என்னன்னு கூடக் கேட்டதில்ல.

அதுல இருந்து வரிசையில மொத ஆளு நான்தான். எனக்குப் பின்னாடிதான் மத்தவுக.

இதெல்லாம் எம் மருமகளுக்குப் பிடிக்கல. முனீஸ்வரின்னு பேரு. மருந்துக் கடையில வேலை பாக்குறா. மருந்துக் கடையில நின்னா டாக்டருன்னு நெனைப்பு. எம் மகன் லாரியில போறவன், மாசத்துல பாதி நாளு ஊருல இருக்க மாட்டான். அதனால எனக்கும் அவளுக்கும்தான் எந்நேரமும் மல்லுக்கட்டு. ஒரு நாள் சாயங்காலம் நான் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டு இருக்கேன், இவ வந்து, "அத்தை, நீங்க நடந்தா டக்கு டக்குன்னு என்னமோ சத்தம் வருது, கால காட்டுங்க"ங்கிறா. தூக்கிப் பாத்தா ஒரு ஆணி. தலை மட்டும் வெளிய தெரியுது. காலையில மில்லுல ஏறியிருக்கும். எனக்கு ஒரு எறும்பு கடிச்ச மாதிரி கூட இல்ல. நான் சிரிக்கேன், அவ கால மடியில வெச்சுக்கிட்டு அழுகுறா. கூறு கெட்டவளே, இது ஆத்தா குடுத்த வரம்டீ, இதுக்குப் போயி அழுவாகளான்னு கேட்டேன். வரத்தப் பாத்து அழுகுறவள என்னத்தச் செய்ய?

அதுல பிடிச்சது சனியன். அன்னையில இருந்து தெனமும் படுக்கப் போறதுக்கு முன்னாடி எங் கால தூக்கி வெச்சு, டார்ச்ச அடிச்சு, கீழ கண்ணாடியப் பிடிச்சுப் பாப்பா. திருடனத் தேடுற போலீசு கணக்கா. வெரல் இடுக்கு, குதிகாலு, ஒரு எடம் பாக்கி விட மாட்டா. குளிக்க வெந்நி வெச்சா, நான் தொடுறதுக்கு முன்னாடி அவ முழங்கைய விட்டுப் பாப்பா. கைப்பிள்ளைக்கா வெந்நி வெக்கிறா? சொல்லுங்க. போன வருசம் அவளப் பெத்தவ செத்துப் போனா. காரியம் முடியிற வரைக்கும் இருந்துட்டு வாடின்னேன். எடுத்த அன்னைக்கே பொழுது சாய வந்து நிக்கிறா. கேட்டா, உங்க கால்ல கட்டு மாத்தணும்லங்கிறா. பெத்தவ சாவுல கூட இருக்க மனசில்ல. எதுக்கு? என்னயக் காவல் காக்கணும். அம்புட்டு வீம்பு.

கட்டு எதுக்கா? அதுதான சொல்ல வாரேன். வலது காலு வீங்குச்சு. செக்கச் செவேல்னு ஆயி, தொட்டா அனலா அடிக்கும். இடது காலு சில்லுன்னு இருக்கும், வலது காலு மட்டும் சூடு. முனீஸ்வரி தொட்டுப் பாத்துட்டு, காலுக்கு மட்டும் காய்ச்சலு வருமா அத்தைன்னா. அங்க ஆத்தா குடியிருக்கா, சூடு இருக்கத்தான் செய்யும்னேன். அப்புறம், பாதத்துக்கு நடுவுல குழி இருக்குமில்ல, அந்தக் குழி தூந்து போச்சு. தூந்ததோட விடாம வெளிய தள்ளிக்கிச்சு. நின்னா தோணி மாதிரி முன்னயும் பின்னயும் ஆடும். அதோட அந்த வருசப் பால்குடமும் எடுத்தேன். சந்திரா பின்னாடி இருந்து, மதினி, நீங்க சாமியாடிக்கிட்டே நடக்கீகங்கிறா. நான் எங்க ஆடுனேன்? பாதம்ல ஆடுச்சு.

தள்ளுன எடத்துல புண்ணு வந்துச்சு. உடனே இவ எம் மகனுக்குப் போனப் போட்டு வரவழைச்சு, ரெண்டு பேருமாச் சேந்து என்னய மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக. கோயிலுக்குன்னு சொல்லித்தான் வண்டியில ஏத்துனாக. எறங்கிப் பாத்தா ஆஸ்பத்திரி.

டாக்டரு எக்ஸ்ரேய வெளக்குல மாட்டிக் காட்டுனாக. எனக்கு எக்ஸ்ரே பாக்கத் தெரியாது. ஆனா குருணை தெரியும் தம்பி. மில்லுல உடைஞ்ச பருப்பு அள்ளுனவளுக்குக் குருணை தெரியாதா? பாதத்து நடுவுல எலும்பு குருணையாக் கெடக்கு. டாக்டரு சொல்றாக, "சுகர்னால உங்க கால்ல நரம்பு செத்துப் போச்சும்மா. வலி தெரியாம, உடைஞ்ச எலும்பு மேலயே நடந்து நடந்து நொறுக்கி வெச்சிருக்கீங்க. வலிச்சிருந்தா அன்னைக்கே உக்காந்திருப்பீங்க. இந்த வலி இல்லாததுதான் வியாதியே"ங்கிறாக.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். வலி இருந்தா வைத்தியம் பாப்பாக, நான் கேள்விப்பட்டிருக்கேன். வலி இல்லாததுக்கு வைத்தியம் பாக்கிற ஊர எங்கயாச்சும் பாத்திருக்கீகளா? ஆத்தா எடுத்துக்கிட்ட எரிச்சல நரம்பு செத்ததுன்னு சொல்றாரு மனுசன். முனீஸ்வரி தலைய ஆட்டுறா. எம் மகனும் ஆட்டுறான். பெத்தவளுக்காக அங்க ஒரு தலை கூட அசையல.

ஆப்பரேசன் இல்லேன்னா கால எடுக்க வேண்டி வரும்னாக. எடுத்துட்டா எதை வெச்சு நடந்து பால்குடம் எடுக்க? அந்த ஒண்ணுக்காகத்தான் சரின்னேன். வேற எதுக்கும் இல்ல.

முதுகுல ஊசியப் போட்டாக. இடுப்புக்குக் கீழ மரத்துப் போகும், மரத்துப் போனதும் சொல்லுங்கன்னாக. இடது காலு மரத்துச்சு, சொன்னேன். வலது காலு மரத்துச்சான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? அது எப்பவும் போலத்தான் இருந்துச்சு. இடுப்புக்கு நேரா துணியத் தொங்கவிட்டு மறைச்சுட்டாக. சத்தம் மட்டும் கேக்குது. ரம்பம், அப்புறம் சுத்தியலு. கட்டிலுக்குக் கால் பூட்டுற மாதிரி டொக்கு டொக்குன்னு. நொறுங்குனத எடுத்துட்டு, மிச்சத்த நேராக்கி, திருகாணி எல்லாம் வெச்சு, குதிகால் வழியா கெண்டைக்கால் வரைக்கும் நீட்டமா ஒரு கம்பிய எறக்கியிருக்காக. முடிச்சுட்டு டாக்டரு எந் தலைமாட்டுக்கு வந்து சொல்றாக, "எலும்பு ஒட்டுற வரைக்கும் இந்தக் கால் என்னோடது. நான் குடுக்கும்போதுதான் உங்களுக்கு. அதுவரைக்கும் தரையில வெச்சீங்கன்னா தெரியும் சேதி." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாக. நல்ல மனுசன்தான், ஆனா சாமி நம்பிக்கை இல்ல.

அதுல இருந்து செறைதான் தம்பி. கட்டில்ல இருந்து சக்கர நாக்காலி, சக்கர நாக்காலியில இருந்து கட்டிலு. பொழுது விடிஞ்சா இந்தச் செவரு, பொழுது அடைஞ்சா அந்தச் செவரு. ஒண்ணுக்குப் போகணும்னாலும் முனீஸ்வரீன்னு கூப்பிடணும். ஒரு தடவ அவ அசந்து தூங்குறா, பாவம் எழுப்புவானேன்னு நானே நடந்து போயிட்டு வந்தேன். வலிச்சுச்சா? இல்ல. விழுந்தேனா? இல்ல. மறுவாரம் எக்ஸ்ரேயில திருகாணி கழண்டு நிக்குதாம். திரும்ப ஊசி, திரும்பச் சுத்தியலு. அந்தத் தடவ டாக்டரு சிரிக்கல. இன்னொரு வாட்டி இப்படி ஆனா முழங்காலுக்குக் கீழ வெச்சுக்க முடியாதும்மான்னு சொல்லிட்டாக. பயமுறுத்துறாக. டாக்டருன்னா பயமுறுத்தத்தான செய்வாக?

மாவுக்கட்டப் பிரிச்சுட்டு ஒரு பூட்ஸக் குடுத்தாக. கருப்பா, முழங்கால் வரைக்கும், பட்டை பட்டையா. படுத்தாலும் உக்காந்தாலும் கழட்டக் கூடாதாம். அதப் போட்டுக்கிட்டும் தரையில ஊணக் கூடாதாம். சாமி படம் இருக்கிற வீட்டுக்குள்ள பூட்ஸு! எம் மகன் சின்னதுல செருப்போட வாசப்படி தாண்டுனான்னு அடிச்சு வளத்தவ நான். இத டாக்டருகிட்டச் சொன்னதுக்கு, "வீட்டுக்குள்ளதான வெறுங்கால்ல நடக்கோம்னு சொல்லிச் சொல்லித்தான் பாதிப் பேரு எங்கிட்ட வர்றாங்க"ன்னு சடைச்சுக்கிறாக. வீட்டுக்குள்ள என்ன முள்ளா மொளைச்சுக் கெடக்கு?

சரி, இன்னைக்கு வெவகாரத்துக்கு வாரேன். பங்குனி பொறந்துச்சு. எனக்கு இருப்புக் கொள்ளல. நேத்திக்கடன எப்படி விடுறது? ஆத்தாவுக்கும் எனக்கும் உள்ள கணக்கு அது. நான் குடுக்கிறத நிறுத்துனா அவ எடுத்தத திருப்பிக் குடுத்துருவாள்ல? அந்த எரிச்சலு திரும்ப வந்தா என்னால தாங்க முடியாது தம்பி. காலு போனாலும் போகட்டும், அந்த எரிச்சலு வேண்டாம். நீங்க சின்ன வயசு, உங்களுக்குத் தெரியாது. வாளிக்குள்ள கால விட்டுக்கிட்டு விடிய விடிய உக்காந்து பாத்தாத்தான் தெரியும். எனக்கு அந்தப் பயந்தான். வேற பயம் கெடையாது.

கீழ் வீட்டு வள்ளிமயில கெஞ்சிக் கேட்டு, கோயில்ல இருந்து மஞ்சக் கயிறு வாங்கியாரச் சொல்லிக் காப்புக் கட்டிக்கிட்டேன். முழங்கைக்கு மேல கட்டி, சட்டைக் கைக்குள்ள மறைச்சுக்கிட்டேன். காப்புக் கட்டுனவ கால்ல எதையும் போடக் கூடாதுல்ல? அதனால முனீஸ்வரி கடைக்குக் கெளம்புனதும் பூட்ஸக் கழட்டிக் கட்டிலுக்கு அடியில தள்ளிருவேன். அவ வர்ற சத்தம் கேட்டதும் மாட்டிக்குவேன். சாமி கும்பிட அங்கிட்டு இங்கிட்டு நாலு எட்டு வெக்கத்தான் செய்வேன். யாருக்கும் தெரியல. அவ கண்ணாடியில பாத்துப் பாத்து, புண்ணு ஏன் ஆற மாட்டேங்குது, ஏன் ஆற மாட்டேங்குதுன்னு பொலம்புவா. நான் காப்புத் தெரியாமச் சட்டைக் கைய இழுத்து விட்டுக்குவேன்.

இத்தன நாளு மேலுக்கு நானே ஊத்திக்கிறேன்னு சமாளிச்சுட்டேன், இன்னைக்குக் காலையில என்னயக் குளிப்பாட்டுறப்பக் காப்பப் பாத்துட்டா. சத்தம் போடுவான்னு நெனைச்சேன், போடல. காப்ப அவுக்கவும் இல்ல. எங் கால மடியில எடுத்து வெச்சு ஈரத்தத் தொடைச்சா. எந்திரிச்சா, கட்ட மாத்துனா, பூட்ஸ மாட்டி விட்டா, ஒவ்வொரு பட்டையா இறுக்குனா. உள்ள போயி மஞ்சச் சேலையக் கட்டிக்கிட்டு வாரா. நான் பாத்துக்கிட்டே இருக்கேன். கதவச் சாத்தக் கைய ஒசத்துறா, அவ கையிலயும் காப்பு! எப்பக் கட்டுனாளோ, எம்புட்டு நாளா வெரதம் இருக்காளோ. எனக்குத் தெரியாம அவ ஒளிச்சிருக்கா, அவளுக்குத் தெரியாம நான் ஒளிச்சிருக்கேன்.

"அத்தை, உங்க நேத்திக்கடன நான் செலுத்துறேன். ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க கால மட்டும் கீழ வெச்சுறாதீங்க, உங்களக் கும்பிட்டுக் கேக்கேன்"ன்னா. சொல்லிட்டுப் பூட்டிட்டுப் போயிட்டா.

எப்படி இருக்கு ஞாயம்? என் எடத்துல அவ. மொத ஆளு. எனக்குப் பதிலா இன்னொருத்தி நடந்தா ஆத்தா ஒத்துக்குவாளா? அதுவும் யாரு, இவ. தோசைக்கல்லுல வெரலு பட்டதுக்கே வீடெல்லாம் கைய உதறிக்கிட்டுத் திரிஞ்சவ. அந்த ரோட்டுல இவ எப்படி நடப்பா? நான் போயி அவகிட்ட இருந்து குடத்த வாங்கியாகணும். இப்பச் சொல்லுங்க, நான் கேக்கிறது தப்பா?

கேக்குதா? மேளம் கிட்ட வந்துருச்சு. முக்குத் திரும்புது. தம்பி, அந்த வராந்தாக் கைப்பிடியில எட்டிப் பாருங்க, எனக்கு இங்கேருந்து தெரியல. மொத ஆளு யாரு? மஞ்சச் சேலையா? ஒல்லியா, நெடுநெடுன்னா? அவதான். எப்படி நடக்கா? தவ்வுறாளா?

தவ்வலையா?

அழுகுறாளா? நல்லாப் பாருங்க. வேர்வையா இருக்கும். அழுகையா? அழுதுக்கிட்டே, நிக்காம வாராளா?

லூசு. லூசு. ஓரமா வரச் சொல்லுங்க தம்பி, ஓரத்துல மண்ணு கெடக்கும், சூடு கம்மியா இருக்கும். கத்துங்க. முனீஸ்வரீன்னு கத்துங்க, மேளத்துல கேக்காது, நல்லாக் கத்துங்க! ஏன்டீ, எனக்குத்தான் அந்தச் சூடு தெரியாது, உனக்குத் தெரியுமேடீ. காலெல்லாம் கொப்புளிச்சுப் போகுமே. பெத்தவ இல்லாத பிள்ளை அது, எவ தண்ணி ஊத்துவா அந்தக் காலுக்கு? வலிக்கிறவ ரோட்டுல நடக்கா, வலிக்காதவ உள்ள நிக்கேன். சாவிய எடுங்க தம்பி. எடுங்க. ஆத்தாவுக்காக இல்ல. நான் போயி குடத்த வாங்கிக்கிறேன், அவள நிழல்ல உக்கார வெக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகாது.

எடுத்துட்டீகளா? மகராசனா இருப்பீக. பூட்டு கொஞ்சம் இறுகும், இடது பக்கமாத் திருப்புங்க.

ஏன் நின்னுட்டீக? ஏன் ஜன்னலுக்குள்ள குனிஞ்சு பாக்குறீக?

நின்னுக்கிட்டா இருக்கேன்? ஆமா, நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். கட்டில்ல உக்காந்தா ஜன்னலு எட்டாது. ஆனா இடது கால்லதான் நிக்கேன் தம்பி. கம்பியப் பிடிச்சுக்கிட்டு, வலது கால மடக்கித் தூக்கித்தான் வெச்சிருக்கேன். பூட்ஸு கட்டிலுக்கு அடியில கெடக்கு, அது வேற வெசயம். கால கீழ வெக்கல. சத்தியமா வெக்கல.

தண்ணி அது. சொம்பு சாஞ்சிருக்கும்.

சிவப்பா? குங்குமத் தண்ணியா இருக்கும். கட்டில்ல இருந்து இங்க வரைக்குமா? காலடி காலடியாவா?

இருங்க. நான் பாக்கேன். சேலை மறைக்குது. இல்ல தம்பி, தூக்கித்தான வெச்சிருந்தேன். உங்களக் கூப்பிட்ட நேரத்துல இருந்து தூக்கித்தான வெச்சிருக்கேன். எனக்குத் தெரியாதா எங் காலு எங்க இருக்குன்னு?

கதவத் தொறக்காதீக. கொஞ்சம் பொறுங்க. முனீஸ்வரி கிட்ட வந்துட்டா, குலவைச் சத்தம் கேக்குது. அவ நிமிந்து இந்த ஜன்னலப் பாப்பா. இந்தா, கம்பிய நல்லாப் பிடிச்சுக்கிட்டேன். இப்பத் தூக்குறேன். தூக்கிட்டேன்.

பாத்துச் சொல்லுங்க தம்பி. மேல வந்துருச்சா, இன்னும் கீழதான் இருக்கா?